கார் ஒயிலை மோட்டச்சைக்கிளுக்கு விடலாமெண்டு ஆர் சொன்னது?

நெல்லியடி_பல்சர்:
நேற்று இஞ்ச வேறொரு கதைக்குக் கீழ எம்டி90_அண்ணை எழுதிவிட்டுப் போனதை வாசிச்சாப் பிறகு என்னால பேசாமல் இருக்க ஏலாமல் கிடக்கு, அதுதான் தனியாத் திறக்கிறன். அவர் எழுதினதை அப்பிடியே போடுறன்: "காருக்கு விடுற ஒயிலை மோட்டச்சைக்கிளுக்கும் தாராளமா விடலாம். ஜாசோ எண்டு போத்தலில அடிக்கிறது கம்பனிக்காரர் காசு புடுங்கிற வழி. ஒயில் பில்ரரும் நாலு தரம் ஒயில் மாத்த ஒருக்கா மாத்தினாக் காணும்." இதை வாசிச்சிட்டு எங்கட சொந்தக்காரப் பெடியன் ஒருத்தன் கார் ஒயில் வாங்கப் போறன் எண்டு வெளிக்கிட்டு நிக்கிறான்.

விளங்காத ஆக்களுக்குச் சொல்லுறன். காரில எஞ்சின் ஒயில் எஞ்சினுக்கு மட்டும்தான், கிளச் வெளியால காய்ஞ்சபடி கிடக்கும், கியர்ப் பெட்டிக்கு வேற ஒயில். கியர் மோட்டச்சைக்கிளில அப்பிடி இல்லை, விடுற அந்த ஒரு லீற்றர்தான் பிஸ்ரனுக்கும், அதேதான் கியர்ப் பல்லுக்கும், அதுக்குள்ளதான் கிளச் பிளேற்றும் ஊறிக்கொண்டு கிடக்கு. கார் ஒயிலில பெற்றோல் மிச்சம் பிடிக்கவெண்டு உராய்வைக் குறைக்கிற சாமான் கலக்கிறாங்கள். கிளச் வேலை செய்யிறதே உராய்வில. அதைக் குறைச்சா வழுக்கும். உதுக்காகத்தான் ஜப்பான்காரன் 1998 இல ஜாசோ டி903 எண்டு மோட்டச்சைக்கிள் ஒயிலுக்கெண்டே ஒரு தரக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தவன். நான் ஒவ்வொரு நாளும் நெல்லியடியில இருந்து வல்லை வெளியால யாழ்ப்பாணம் ரவுணுக்கு வேலைக்குப் போய் வாறவன், வல்லையில எதிர்க்காத்து அடிக்கேக்க முறுக்கினா வழுக்கிற கிளச் அந்த இடத்திலயே காட்டிக்குடுத்திடும்.

எம்டி90_அண்ணை:
என்ர பேரைப் போட்டுத் தலைப்புத் திறக்கிற அளவுக்கு வந்திட்டீர், நல்லது தம்பி. நீர் பிறக்க முதலே நான் மோட்டச்சைக்கிள் ஓடினவன். 90 இல சண்டை தொடங்கினதில இருந்து யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடை, தெரியுமோ உமக்கு? ஹொண்டா எம்டி 90 மோட்டச்சைக்கிளை மண்ணெண்ணெயில ஓடினனாங்கள். ஸ்ராட் எடுக்க மட்டும் ஒரு சின்னப் போத்தலில பெற்றோல் வச்சுக் கொஞ்சம் சீறி விடுறது, சூடேறினாப் பிறகு மண்ணெண்ணெய். எரியாத மண்ணெண்ணெய் ரிங்கைத் தாண்டிக் கீழ இறங்கி ஒயில் தண்ணியாப் போகும், அளவுக் கோலை எடுத்துப் பாத்தா ஒயில் கூடியிருக்கும், மணந்து பாத்தா மண்ணெண்ணெய். அந்த நாளில ஜாசோவை ஆர் பாத்தது? கிடைச்சது கார் ஒயிலோ லொறி ஒயிலோ, அதை விட்டு 95 இடப்பெயர்வில குடும்பத்தையே ஏத்திக்கொண்டு சாவகச்சேரிக்குப் போனனான். அந்த வண்டி இப்பவும் வீட்டில நிக்குது, இண்டைக்கும் சந்தைக்குப் போட்டு வந்தனான். உம்மட்ட ஒரே ஒரு கேள்விதான். என்ர கிளச் வழுக்கினதோ? வழுக்கேல்ல. அவ்வளவுதான் கதை.

நெல்லியடி_பல்சர்:
அண்ணை, எம்டி 90க்குக் கையில பிடிக்கிற கிளச்சே இல்லையே. பல்சர் 150 இன்ர பவரில பாதிதான் அதுக்கு. அதை வச்சு எல்லா வண்டிக்கும் தீர்ப்புச் சொல்லுறியள்.

எம்டி90_அண்ணை:
கையில பிடிக்காட்டி கிளச் இல்லையெண்டு ஆர் உமக்குப் படிப்பிச்சது? எம்டி 90 இன்ரயும் ஒயிலுக்க ஊறுற கிளச்தான், பிளேற்றுத்தான். சுத்தற வேகத்தில தானாப் பிடிக்கும், கால் கியரை அமத்தத் தானா விடும். திறந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். என்ர கிளச் வழுக்கேல்ல.

கோண்டாவில்_கராஜ்:
அண்ணைமார் சண்டை பிடிக்கிறதுக்குள்ள நானும் வாறன், நான் திறந்து பாக்கிறவன். வழுக்கின கிளச் எப்பிடி இருக்குமெண்டு சொல்லுறன். கவரைக் கழட்டினவுடன கருகின மணம் வரும், கராஜ் முழுக்க மணக்கும், ரெண்டு நாளைக்குக் கையை விட்டுப் போகாது. உராயிற பிளேற்றில இருக்கிற கட்டையெல்லாம் கண்ணாடியா மினுங்கும், நகத்தால கீறினா ஒண்டும் வராது. இடையில இருக்கிற இரும்புப் பிளேற்றில நீலமும் ஊதாவுமா சூட்டுத் தழும்பு. இப்பிடி வாற வண்டிக்காரரிட்ட என்ன ஒயில் விட்டனீங்கள் எண்டு கேட்டா கனபேர் சொல்லுறது "வீட்டில காருக்கு வாங்கினதில மிச்சம் கிடந்தது". இது என்ர அனுபவம்.

எம்டி90_அண்ணை:
கனபேர் எண்டா மிச்சப் பேர் என்ன விட்டவையாம்? கிளச் கேபிளில கொஞ்சமும் ஆட்டம் விடாமல் இறுக்கிப் பிடிச்சு வச்சாலும் கிளச் வழுக்கும், பிளேற்று நீலமாகும். ஸ்பிரிங் தளர்ந்தாலும் வழுக்கும். ட்ராபிக்கில லீவரை அரைவாசி பிடிச்சபடி ஓடுறவனுக்கும் வழுக்கும். மெக்கானிக் தம்பி, லீவர் நுனியில எவ்வளவு ஆட்டம் இருக்கெண்டு முதலில பாத்தனீரோ, இல்லை ஒயிலிலயே பழியைப் போட்டுட்டு பிளேற்றுச் செற் வித்தனீரோ?

கோண்டாவில்_கராஜ்:
அண்ணை, நான் பிளேற்று வித்துக் கோபுரம் கட்டேல்ல. 2020 இல இறக்குமதியை நிப்பாட்டினாப் பிறகு ஒரு பழைய பல்சருக்கே என்ன விலை கேட்டவங்கள் எண்டு தெரியும்தானே. சனம் இருக்கிற வண்டியைத்தான் காப்பாத்தி ஓடினது. அந்த வண்டியள் சாகாமல் நிண்டது எங்கட கையால. கேபிள் பாக்காமல் கவர் கழட்டுற ஆள் நானில்லை.

தென்மராட்சி_மெக்:
எல்லாரும் "கார் ஒயில்" "கார் ஒயில்" எண்டுறியள். எந்தக் கார் ஒயில்? இதை ஒருத்தரும் சொல்லேல்ல. போத்தலுக்குப் பின்பக்கம் ஏபிஐ எண்டு, அமெரிக்கப் பெற்றோலிய நிறுவனத்தின்ர முத்திரை, ஒரு வட்டம் இருக்கும். மேல் பாதியில எஸ்எல், எஸ்என் மாதிரித் தரம், நடுவில 20டபிள்யூ-50 மாதிரித் தடிப்பு, கீழ்ப் பாதியில சிலதில "ரிசோர்ஸ் கன்சேர்விங்" எண்டு வரும், பழசில "எனர்ஜி கன்சேர்விங்". அந்தக் கீழ்ப் பாதி எழுத்துத்தான் உராய்வு குறைச்ச ஒயிலுக்கு அடையாளம். அது வாறது 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 மாதிரி மெல்லிய ஒயிலில. 20டபிள்யூ-50 இல அந்த எழுத்து வராது. அதால பழைய காருக்கு விடுற 20டபிள்யூ-50 ஐ விட்டவைக்கு வழுக்காமலும் இருந்திருக்கலாம், புதுக் காருக்கு விடுற 0டபிள்யூ-20 ஐ விட்டவைக்கு வழுக்கியும் இருக்கலாம். முதல்ல எது எண்டு சொல்லுங்கோ, பிறகு சண்டை பிடியுங்கோ.

எம்டி90_அண்ணை:
பாத்தியளோ, படிச்ச தம்பியே சொல்லிட்டார் வழுக்காதெண்டு.

நெல்லியடி_பல்சர்:
அவர் சொன்னது வழுக்குமெண்டுதான், வடிவா வாசியுங்கோ.

தென்மராட்சி_மெக்:
நான் ரெண்டும் சொல்லேல்ல!! வழுக்காட்டியும் அது பொருத்தமெண்டு அர்த்தமில்லை. ஜாசோ எம்ஏ எடுக்க எஸ்ஏஈ நம்பர் 2 எண்ட மெசினில கிளச் பிளேற்றுப் போட்டு மூண்டு விசயம் அளக்கிறாங்கள், ஓடேக்க உராய்வு, நிண்ட நிலையில உராய்வு, பிடிச்சு நிக்க எடுக்கிற நேரம். அதில கூடின பக்கம் எம்ஏ2, நடுவில எம்ஏ1, குறைஞ்சது எம்பி. இதுக்கு மேல பொஸ்பரஸ் 0.08 இல இருந்து 0.12 வீதத்துக்குள்ள இருக்க வேணும். அதுதான் கியர்ப் பல்லையும் வால்வைத் திறக்கிற கம் சாப்ரையும் தேயாமல் பாக்கிறது. புது மெல்லிய கார் ஒயிலில கற்றலிற்றிக் கொன்வேட்டர் பழுதாகாமல் இருக்க பொஸ்பரஸை அதே 0.08க்கு மேல போக விடுறேல்ல, அதாவது எங்கட கீழ் எல்லைதான் அவங்களுக்கு மேல் எல்லை. இன்னுமொண்டு, கியர்ப் பல்லு ஒயிலை அரைக்கும், அரைபட அரைபட பின் எண் 40 ஆன ஒயில் மெலிஞ்சு 30 ஆகும். ஜாசோவில அதுக்கும் சோதனை, 40 எண்டு போட்ட ஒயில் அரைபட்டாப் பிறகும் 100 பாகையில தடிப்பு அளவு 12க்குக் கீழ போகக் கூடாது, 50 எண்டா 15. கார் போத்தலில கியரோட அரைபடுற கணக்குக் கிடையாது. கிளச் மட்டுமே கதையில்லை அண்ணை.

எம்டி90_அண்ணை:
வீதம், பாகை, மெசின். எனக்கு உந்தக் கணக்கு ஒண்டும் வேண்டாம். என்ர கிளச் வழுக்கினதோ இல்லையோ, அதுக்கு மறுமொழி சொல்லும். ஒருத்தரும் சொல்லுறியளில்லை.

டியோ_அக்கா:
நான் டியோ ஸ்கூட்டர் ஓடுறன், கொக்குவிலில இருந்து ஆஸ்பத்திரி வீதிக்கு. எனக்கு எது விடுறது? கடையில ஒருத்தர் எம்ஏ2 தான் விட வேணும் எண்டுறார், ஒருத்தர் எம்பி எண்டுறார்.

ரொறன்ரோ_யாழ்:
இஞ்ச கனடாவில நாங்கள் எல்லாத்துக்கும் புல் சிந்தெற்றிக் 5டபிள்யூ-40 தான். என்னெண்டு நீங்கள் இன்னும் 20டபிள்யூ-50 எண்டு மினரல் ஒயிலிலயே நிக்கிறியள்? நான் ஊருக்கு வந்து நிக்கேக்க தம்பியின்ர யமகா எஃப்செட்டுக்கு மோட்டுல் 7100 சிந்தெற்றிக் ஒயில் வாங்கி விட்டனான், சத்தமே மாறிட்டுது. கொஞ்சம் காசு செலவழியுங்கோ, வண்டி கனகாலம் நிக்கும்.

நெல்லியடி_பல்சர்:
வந்திட்டார் கனடா. அண்ணை, 10டபிள்யூ, 20டபிள்யூ எண்ட முன் எண் குளிருக்கு. 20டபிள்யூ எண்டா -15 பாகையில எஞ்சினைச் சுத்திப் பாத்து எடுக்கிற அளவு, 10டபிள்யூ எண்டா -25 பாகை, 5டபிள்யூ -30. உங்களுக்கு அது வேணும், நீங்கள் பனி வழிக்கிற ஆள். யாழ்ப்பாணத்தில மார்கழி விடியக்காலைக் குளிரே 20 பாகைக்குக் கிட்ட. எங்களுக்கு முக்கியம் பின் எண். வெயிலுக்க ஆமை வேகத்தில ஆஸ்பத்திரி வீதியில ஊர்ந்து காத்தால ஆறுற எஞ்சின் கொதிக்கேக்க ஒயில் எவ்வளவு தடிப்பா நிக்குமெண்டதுதான் எங்கட கவலை.

ரொறன்ரோ_யாழ்:
நான் நல்லதுக்குத்தான் சொன்னனான். காசு அனுப்பேக்க மட்டும் கனடா நல்லம்.

எம்டி90_அண்ணை:
காசைப் பற்றி இஞ்ச ஆர் கேட்டது? தடை நேரத்தில நீர் எங்க நிண்டனீர்? நாங்கள் பழைய ஒயிலைத் துணியால வடிச்சு அடைய விட்டுத் திரும்ப விட்ட ஆக்கள். எங்களுக்கு மோட்டுல் படிப்பிக்க வேண்டாம்.

ரொறன்ரோ_யாழ்:
ஆரும் விரும்பிப் போகேல்ல. உந்தக் கதையை ஒயில் பதிவில கதைக்க வேண்டாம்.

எம்டி90_அண்ணை:
ஆரம்பிச்சது நீர்.

கோண்டாவில்_கராஜ்:
அண்ணைமார் விடுங்கோ. சிந்தெற்றிக் நல்லது, பொய்யில்லை, சூட்டில கெதியாக் கெட்டுப் போகாது. ஆனா பத்து வருசம் மினரல் ஒயிலில ஓடின வண்டிக்கு சீல் எல்லாம் காய்ஞ்சு கிடக்கும், மெல்லிய சிந்தெற்றிக் விட்டவுடன கசியத் தொடங்கினால் என்னட்டத்தான் கொண்டுவருவியள். பிறகு சொல்லுவியள் மெக்கானிக் கெடுத்துப் போட்டான் எண்டு. கையேட்டில என்ன தடிப்பு எண்டு போட்டிருக்கோ அதை விடுங்கோ, பல்சருக்கு 20டபிள்யூ-50, ஸ்பிளெண்டருக்கு 10டபிள்யூ-30. ஸ்பிளெண்டருக்கும் 50 விட்டாத்தான் எஞ்சின் சத்தம் போடாது எண்டு ஒரு கதை ஊரில திரியுது, அது பிழை. அந்த எஞ்சினில ஒயில் ஓடுற துளையள் மெல்லிய ஒயிலுக்கு அளந்து வச்சது. தடிச்ச ஒயில் விட்டா சத்தம் அடங்கும், மேல போய்ச் சேரவும் சுணங்கும்.

டியோ_அக்கா:
என்ர கேள்வி?

தென்மராட்சி_மெக்:
அக்கா, டியோவுக்கு ஒயிலில ஊறுற கிளச் இல்லை. பெல்ற்றில ஓடுறது, பின்சில்லுக்குக் கிட்ட இருக்கிற கிளச் காய்ஞ்ச கிளச், கடைசிக் கியருக்கு வேற ஒயில். அதால உங்களுக்கு 10டபிள்யூ-30 எம்பி. எம்ஏ2 விட்டாலும் வண்டி பழுதாகாது, உராய்வு கூடினதால பெற்றோல் கொஞ்சம் கூடக் குடிக்கும், அவ்வளவுதான். பேப்பர் பில்ரர் உங்கட வண்டியில இல்லை, வலைதான். அந்தப் பின் கியர் ஒயிலைக் கனபேர் மறந்து போயினம், அதைக் கேட்டு மாத்துவியுங்கோ.

நெல்லியடி_பல்சர்:
இப்ப பில்ரர் கதைக்கு வருவம். எம்டி90_அண்ணை நாலு தரத்துக்கு ஒருக்கா எண்டவர். அண்ணை, உங்கட எம்டி 90க்குப் பேப்பர் பில்ரரே கிடையாது. வலையும், கிளச்சோட சேத்துச் சுத்தி அழுக்குப் பிடிக்கிற கிண்ணமும்தான். இல்லாத சாமானை எத்தினை தரத்துக்கு ஒருக்கா மாத்திறியள்?

எம்டி90_அண்ணை:
என்ர மகனிட்ட பல்சர் நிக்குது, அதையும் நான்தான் பாக்கிறனான். நாலு தரத்துக்கு ஒருக்காத்தான் மாத்திறன். கிளச் வழுக்கேல்ல.

நெல்லியடி_பல்சர்:
பில்ரருக்கும் கிளச்சுக்கும் என்ன சம்பந்தம்!!!

கோண்டாவில்_கராஜ்:
பில்ரர் பற்றி நான் எழுதியே ஆகவேணும். போன கிழமை ஒரு வண்டி வந்தது, ஆளை ஊரைச் சொல்லேல்ல. மேல கம் சாப்ர் பக்கம் தட்டுற சத்தம். பில்ரர் மூடியைக் கழட்டினன். பேப்பர் மடிப்பெல்லாம் ஒண்டோட ஒண்டு ஒட்டிச் சப்பளிஞ்சு போய்க் கிடந்தது, விரலால விரிக்கப் பாத்தா மடிப்பு மடிப்பாக் கையில பிஞ்சு வருது. கீழ வலையில சிவப்பு சிலிக்கன் பசைக் கட்டி, சோத்துப் பருக்கை அளவில. ஆரோ ஒருத்தர் காஸ்கெற் போடாமல் பசையை அள்ளிப் பூசி கவரை இறுக்கியிருக்கினம், உள்பக்கம் வழிஞ்ச பசை உடைஞ்சு விழுந்து ஒயில் பம்ப் உறிஞ்சிற வாயில போய் நிண்டிட்டுது. மேல ஒயில் போகாமல் கம் சாப்ர் முழுக்கக் கீறல். ஒரு பில்ரரின்ர காசைப் பாத்த இடத்தில எஞ்சின்ர தலையையே மாத்த வேண்டி வந்தது. பில்ரர் அடைச்சா, பைபாஸ் வால்வு இருக்கிற எஞ்சினில வடிகட்டாத ஒயில் நேர உள்ளுக்க போகும், இல்லாததில ஒயில் குறையும். ரெண்டும் கூடாது.

இன்னொண்டு, சில பில்ரருக்கு ஒரு பக்கம்தான் ஓட்டை. மாறிப் போட்டா ஒயில் போற வழி அடைச்சிடும். பழசைக் கழட்டேக்க எந்தப் பக்கம் வெளியால நிண்டதெண்டு பாத்துக்கொள்ளுங்கோ. ஓ-ரிங்கையும் சேத்து மாத்துங்கோ, ட்றெயின் போல்ற் வாசரையும். பழைய வாசரை வச்சு ஒழுகுதெண்டு இறுக்கி இறுக்கிப் புரி கழண்டு வாற வண்டி கனக்க.

எம்டி90_அண்ணை:
ஒரு வண்டியைக் காட்டி ஊரைப் பயப்பிடுத்த வேண்டாம். பசை பூசினவன்ர பிழைக்கு பில்ரர் என்ன செய்யும்? அதைப் போல ஆரோ ஒருத்தன் கிளச்சைக் கருக்கினதுக்கு ஒயில் என்ன செய்யும்? மண்ணெண்ணெயில ஓடியே வழுக்காதது இப்ப வழுக்குமோ?

தென்மராட்சி_மெக்:
அண்ணை நீங்கள் விட்ட கார் ஒயில் எது? தடிப்பு என்ன? மூண்டாந் தரம் கேக்கிறன்.

எம்டி90_அண்ணை:
கார் ஒயில் எண்டா கார் ஒயில். காருக்கு விடுறது. இதில என்ன விளக்கம்?

நெல்லியடி_பல்சர்:
இதுதான் பிரச்சினையே. கடைக்குப் போய் "கார் ஒயில் தாங்கோ" எண்டா இண்டைக்குக் கடைக்காரன் தாறது புதுக் காருக்கு விடுற 5டபிள்யூ-30. உங்கட காலத்துக் கார் ஒஸ்ரின் ஏ40. ரெண்டும் ஒண்டில்லை. ஆனா உங்கட சொல்லைக் கேட்டுப் போறவன் வாங்கப் போறது இண்டையான் போத்தலை. அதுதான் எனக்கு வந்த கோவம், உங்களில வேற கோவம் ஒண்டுமில்லை.

எம்டி90_அண்ணை:
போன வருசம் ரயர் காத்துக் கதையிலயும் நீர்தான் என்னோட கொழுவினீர். வடமராட்சிக்காரருக்குத் தாங்கள் சொன்னதுதான் சரி.

நெல்லியடி_பல்சர்:
ரயர் கதையிலயும் நான்தான் சரி. இதில வடமராட்சியை ஏன் இழுக்கிறியள்?

கோண்டாவில்_கராஜ்:
ஒயில் பில்ரரை விட எங்கட ஊருக்குக் காத்துப் பில்ரர்தான் முக்கியம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்ல. புத்தூர், அச்சுவேலிப் பக்கம் தோட்ட வழியளில செம்மண் தூசு, மணற்காட்டுப் பக்கம் மணல். காத்துப் பில்ரர் கிழிஞ்சிருந்தா அந்த மண் நேர சிலிண்டருக்க போய் ரிங்கைத் தின்னும், பிறகு ஒயிலுக்க இறங்கிக் கிளச், கியர் எல்லாத்தையும் அரைக்கும். அப்ப எந்த எம்ஏ2 விட்டும் பிரியோசனமில்லை. ஸ்பிளெண்டர், சிடி 125 வச்சிருக்கிறவை அந்தச் சுத்தற கிண்ணத்தை ஒருக்காத் திறந்து பாருங்கோ, உள்சுவரில குழைச்ச களி மாதிரி ஒட்டிக் கிடக்கும், கரண்டியால வழிச்சுத்தான் எடுக்க வேணும். கிளச் கவர் கழட்ட வேணுமெண்டதால ஒருத்தரும் செய்விக்கிறேல்ல. ஒயில் கறுத்திட்டுது எண்டு மட்டும் கவலைப்படுவினம். ஒயில் கறுக்கத்தான் வேணும், அழுக்கை அது தூக்கி வச்சிருக்கு எண்டு அர்த்தம்.

சுன்னாகம்_வாசி:
எல்லாரும் புது ஒயிலைப் பற்றிக் கதைக்கிறியள். கழட்டின பழைய ஒயிலை எங்க ஊத்திறியள்? அதைச் சொல்லுங்கோ முதலில. எங்கட ஊர்க் கிணத்துத் தண்ணியில எண்ணெய் மிதந்தது எல்லாருக்கும் மறந்து போச்சுதோ? மின் நிலையத்துப் பக்கத்தால நிலத்துக்க இறங்கினது, 2019 இல உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லுற அளவுக்குப் போன விசயம். கீழ முழுக்கச் சுண்ணாம்புக்கல், வெடிப்பும் ஓட்டையும். மேல ஊத்தினது வடிபடாமல் நேர கிணத்துக்கத்தான் போகும். எங்களுக்கு வருசம் முழுக்க ஓடுற ஆறு கிடையாது. கராஜ் தம்பி, உம்மட கடைக்குப் பின்னால என்ன கிடக்கு?

கோண்டாவில்_கராஜ்:
என்ர கடைக்குப் பின்னால பரல் கிடக்கு, அதில சேத்துக் குடுக்கிறன். என்னில குற்றம் தேட வந்தனீரோ?

சுன்னாகம்_வாசி:
உம்மைச் சொல்லேல்ல, கேட்டனான். வேலிக் கதியாலுக்கும் மாட்டுக் கொட்டில் மரத்துக்கும் கறையான் பிடிக்காதெண்டு பழைய ஒயில் பூசுற ஆக்கள் எத்தினை பேர் இஞ்ச?

எம்டி90_அண்ணை:
நான் பூசுறனான். அப்பா பூசினவர். கறையான் வரேல்ல.

சுன்னாகம்_வாசி:
கறையான் வராது. உங்கட கிணத்துத் தண்ணியை ஒருக்காச் சோதிச்சுப் பாருங்கோ.

எம்டி90_அண்ணை:
என்ர கிணத்துத் தண்ணியை நான் குடிச்சுக்கொண்டுதான் இருக்கிறன். இப்ப கிணத்துக்குப் போட்டியளோ? கிளச் கதைக்கு மறுமொழி இல்லையெண்டவுடன கிணறு.

ரொறன்ரோ_யாழ்:
இஞ்ச பழைய ஒயிலைக் கொண்டுபோய்க் குடுக்கிற இடம் இருக்கு...

எம்டி90_அண்ணை:
உம்மை ஆர் கேட்டது?

டியோ_அக்கா:
எனக்கு மறுமொழி தந்த தென்மராட்சித் தம்பிக்கு நன்றி. ஒண்டு சொல்லுறன், கடையில பரலில இருந்து அளந்து ஊத்திற ஒயிலை வாங்காதேங்கோ. போன தரம் என்ர கண்ணுக்கு முன்னாலயே சீல் இல்லாத போத்தலை எடுத்து விடப் பாத்தவங்கள், நான் மறிச்சனான். வெறும் போத்தலைத் தாங்கோ எண்டு கேட்டாங்கள், குடுக்கேல்ல, வீட்டில கொண்டுபோய்க் கத்தியால வெட்டிப்போட்டுத்தான் எறிஞ்சன். பெண்ணாப் பிறந்தவளுக்கு ஒயில் விளங்காதெண்டு நினைக்கினம்.

கோண்டாவில்_கராஜ்:
அக்கா எல்லாக் கராஜும் அப்பிடியில்லை.

டியோ_அக்கா:
எல்லாம் எண்டு நான் சொல்லேல்ல. உங்களுக்கு ஏன் சுடுது?

கோண்டாவில்_கராஜ்:
சுடேல்ல அக்கா. கடைக்கு வாற ஒவ்வொருத்தருக்கும் சீல் உடைச்சுக் காட்டித்தான் ஊத்திறன், அந்தக் கோவம்.

நெல்லியடி_பல்சர்:
நான் தலைப்புத் திறந்தது கார் ஒயிலுக்கு. திரும்ப அதுக்கே வாறன். எம்ஏ2 போத்தல் ஒண்டும் கிடைக்காத சாமானில்லை. சேர்வோவிலயும் இருக்கு, கால்ரெக்ஸிலயும் இருக்கு, கஸ்ரோலிலயும் இருக்கு, எந்தப் பெட்டிக்கடையிலயும் தொங்குது. இவ்வளவு லேசாக் கிடைக்கேக்க எதுக்காக வேற ஒயிலை விட்டுப் பரீட்சை பாக்கிறது? 2022 இல கியூஆர் வரிசையில நிண்டு பெற்றோல் அடிச்ச சனம், வண்டி எவ்வளவு பெறுமதியெண்டு இன்னும் விளங்கேல்லையோ?

எம்டி90_அண்ணை:
லேசாக் கிடைக்குதெண்டா வாங்கும், நான் வேண்டாமெண்டு சொல்லேல்ல. கார் ஒயில் விட்டா வழுக்குமெண்டு சொன்னனீர் பாரும், அதைத்தான் கேக்கிறன். ஆற்ற கிளச் வழுக்கினது? உம்மட பல்சர் வழுக்கினதோ? நீர் ஒரு நாளாவது கார் ஒயில் விட்டுப் பாத்தனீரோ? விடாமலே வழுக்குமெண்டு எப்பிடிச் சொல்லுவீர்?

நெல்லியடி_பல்சர்:
நஞ்சு குடிச்சுப் பாத்தே நஞ்செண்டு சொல்லுறது?

எம்டி90_அண்ணை:
பாத்தியளோ. மறுமொழி இல்லை.

தென்மராட்சி_மெக்:
அண்ணை, மகன்ர பல்சரில இப்ப நிக்கிற ஒயில் போத்தலின்ர பின்பக்கத்தை ஒரு படம் எடுத்துப் போடுங்கோ. அந்த வட்டம் தெரிஞ்சாக் காணும்.

எம்டி90_அண்ணை:
போத்தல் எறிஞ்சாச்சு.

சுன்னாகம்_வாசி:
எங்க எறிஞ்சனீங்கள்?

கோண்டாவில்_கராஜ்:
சரி, மகன்ர பல்சரைச் சனிக்கிழமை கோண்டாவிலுக்குக் கொண்டுவாங்கோ. கூலி வேண்டாம். உங்களுக்கு முன்னாலயே கவர் கழட்டி பிளேற்றை எடுத்துத் தடிப்பு அளந்து காட்டுறன், பில்ரரையும் கழட்டிப் பாப்பம். எல்லாரும் வந்து நிண்டு பாக்கட்டும்.

எம்டி90_அண்ணை:
நல்லா ஓடுற வண்டியை எதுக்குத் திறக்கிறது? திறந்தா காஸ்கெற் மாத்த வேணும், அதையும் நீர்தான் விப்பீர். மகன் அதில கிளிநொச்சிக்கு வேலைக்குப் போய் வாறவன், கிளச் வழுக்கினா அவன் சொல்லுவான். அவன் ஒண்டும் சொல்லேல்ல.

நெல்லியடி_பல்சர்:
அவனை இஞ்ச வந்து சொல்லச் சொல்லுங்கோ.

எம்டி90_அண்ணை:
அவனுக்கு உங்களைப் போல வெட்டிக்கதைக்கு நேரமில்லை, வேலைக்குப் போறவன். நீர் முதலில கார் ஒயிலில வழுக்கின ஒரு பல்சரைக் கொண்டுவந்து காட்டும், பிறகு கதைப்பம்.

கோண்டாவில்_கராஜ்:
என்னட்டக் கிடக்கிற கருகின பிளேற்றுப் படம் நாளைக்குப் போடுறன்.

எம்டி90_அண்ணை:
பிளேற்றுப் படத்தில ஒயிலின்ர பேர் எழுதியிருக்காது தம்பி.